ஈட்டியின் பங்காளி

அப்பா அந்தக் கிதாரை முதலில் தட்டிப் பார்த்தார். நடுவிரல் முட்டியால் முதுகுப் பலகையில் மேலே, கீழே, ஓரத்தில். பிறகு ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி ரேகை எப்படி ஓடுகிறது என்று பார்த்தார். கடைசியில், நான் கையை நீட்டித் தடுப்பதற்குள், முன்பலகையின் வட்டத் துளையில் மூக்கை வைத்து இழுத்து முகர்ந்தார்.

“கண்ணு, இது ஈட்டி இல்ல. ஈட்டிக்கு ஒண்ணுவிட்ட பங்காளி.”

வீட்டுக்காரப் பெரியவர் என்னைப் பார்த்தார். ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் வேலைமேசைக்கு அடியிலிருந்து ஒரு முக்காலியை இழுத்து அப்பா பக்கம் தள்ளினார். அந்தப் பட்டறையில் வந்துபோகிற யாருக்கும் அவர் உட்கார இடம் கொடுத்து நான் பார்த்ததில்லை.

அப்பா சொன்னது சரிதான். அது பிரேசில் நாட்டு ரோஸ்வுட். தாவரவியலில் அதன் பெயர் டால்பெர்ஜியா நைக்ரா. எங்கள் கூடலூர்க் காட்டில் நிற்கும் ஈட்டி டால்பெர்ஜியா லாட்டிஃபோலியா. இரண்டும் ஒரே பேரினம். அப்பா பள்ளிக்கூடத்தில் தாவரவியல் வரை போகவில்லை. அவிநாசிப் பக்கமிருந்து இளவயதில் கூடலூருக்கு எஸ்டேட் பங்களா வேலைக்கு வந்த தச்சர். கதவு, கட்டில், அலமாரி என்று ஈட்டியில் அவர் இழைத்த இழைப்பில், மரத்தூள் வாசம் எங்கள் வீட்டுச் சோற்றிலேயே இருக்கும். பட்டறைக்குள் எனக்கு அனுமதி கிடையாது. வாசலில் நின்று பார்க்கலாம்; உளியைத் தொடக்கூடாது. “பொட்டப்புள்ளைக்கு இங்க என்ன வேலை” என்பார் பெரியப்பா. அப்பா மறுத்துப் பேசியதில்லை.

நான் படித்து, வேலை தேடி, பென்சில்வேனியாவில் பெத்லகேம் என்கிற ஊரில் ஓர் ஆய்வகத்தில் சேர்ந்திருந்தேன். அந்தப் பகுதியில் ஊர்ப்பெயர்களைப் படித்தால் வேதாகமத்தைப் புரட்டுகிற மாதிரிதான். பெத்லகேம், எம்மாவு, நாசரேத். மொரேவியன் சபையார் பதினெட்டாம் நூற்றாண்டில் வந்து குடியேறி வைத்த பெயர்கள். நான் குடியிருந்த வீட்டின் மாடி எனக்கு, கீழே பெரியவருக்கு, கார் நிறுத்துமிடம் அவருடைய பழுதுபார்க்கும் பட்டறைக்கு. கல்லூரிக் காலத்தில் கோவையில் வாங்கிய மலிவான கிதார் ஒன்று என்னிடம் இருந்தது. அதில் தந்திகளைப் பிடித்திருக்கும் பாலம் பெயர்ந்தபோது கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்படித்தான் பழக்கம். 2018 கடைசியில் அப்பா வந்தார். அம்மா வரவில்லை, மாட்டை யார் பார்ப்பது?

அப்பா முகர்ந்த கிதார் மார்ட்டின் கம்பெனி 1943-இல் செய்த டி-28. உள்ளே கழுத்துக் கட்டையில் மாதிரியின் பெயரும், 84,000-ஐத் தாண்டிய வரிசை எண்ணும் குத்தியிருந்தன. முன்பலகை அடிராண்டாக் ஸ்புரூஸ். பக்கமும் முதுகும் பிரேசில் ரோஸ்வுட். முன்பலகையின் ஓரம் முழுக்க மீன்முள்போலக் கோத்த மெல்லிய மரப்பட்டை. ‘ஹெரிங்போன்’ என்று சொல்லி இதற்காகவே உயிரை விடுகிற சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். ஜெர்மனியிலிருந்து வந்துகொண்டிருந்த சரக்கு அது. போருக்குப் பிறகு கையிருப்பு தீர்ந்ததும் கம்பெனி அதை விட்டுவிட்டது. இந்த மாதிரிக் கிதாருக்குச் சந்தையில் இன்று கேட்கிற விலையில் எங்கள் ஊரில் தோட்டத்தோடு வீடு வாங்கலாம். பெரியவரின் மாமனார் அதைப் புதிதாகக் கடையில் வாங்கியிருக்கிறார். அவர் மகள், அதாவது பெரியவரின் மனைவி, தேவாலயத்தில் அதை வைத்துக்கொண்டு பாடியிருக்கிறார். அந்த அம்மாள் போய்ச் சேர்ந்த பிறகு அது பெட்டிக்குள்ளேயே இருந்தது.

அப்பா வந்த நேரம் அதை வெளியே எடுத்திருந்தார்கள். கழுத்து வேலை.

ஆறு இரும்புத் தந்திகளையும் சுருதிக்கு முறுக்கினால் மொத்த இழுப்பு 70 கிலோவுக்கு மேல் போகும். தடித்த தந்தி போட்டால் 80-ஐயும் தாண்டும். இதை அப்பாவிடம் சொன்னபோது, “அப்ப ஒரு ஆளு ராப்பகலா தொங்கிட்டே இருக்கான்னு சொல்லு” என்றார். தாங்க வேண்டியது ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கனமுள்ள பலகை. எழுபத்தைந்து வருடம் தொங்கினால் எதாவது ஒன்று நகரத்தானே வேண்டும். கழுத்து மெல்ல முன்னால் சாய்கிறது, தந்தி விரற்பலகையை விட்டு மேலே எழும்புகிறது, விரல் அழுத்த முடியாமல் போகிறது. அப்போது கழுத்தைக் கழற்றி, அடியில் ஒரு சீவல் சீவி, கோணத்தைத் திருத்தி மறுபடி பூட்ட வேண்டும். மார்ட்டின் கிதார் என்றால் ஆயுளில் ஒருமுறையாவது இது நடக்கும். கெட்டுப்போன கிதாருக்கு மட்டும் வருகிற வேலை இல்லை. நல்ல கிதாருக்கும் வரும்.

விரற்பலகையில் பதித்த உலோகக் கட்டுகளில் பதினைந்தாவதைக் கழற்றி, அது இருந்த பள்ளத்தின் வழியே சிறு துளை போட்டார் பெரியவர். பூட்டின் இடுக்கில் அது திறக்கும். அதில் ஊசிக்குழல் செருகி ஆவியை விட வேண்டும். ஆவிக்கு அவர் வைத்திருந்தது ஒரு பழைய எஸ்பிரெசோ காபி இயந்திரம், நுனியில் ரப்பர் குழாய். அமெரிக்காவில் இந்த வேலை செய்கிற நிறையப் பேர் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். அப்பா சிரித்துவிட்டார். ஆனால் ஆவியோடு வந்த வாசம் மூக்கில் ஏறியதும் சிரிப்பு நின்றது.

“வச்சிரம்! கண்ணு, வச்சிரம் போட்டு ஒட்டியிருக்கான்.”

மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுக்கிற பசை. அப்பாவின் பட்டறையில் ஒரு சட்டிக்குள் இன்னொரு சட்டி வைத்து, வெந்நீரில் இளக்கி, ஆறுவதற்குள் பூசி முடிப்பார்கள். ஃபெவிகால் வந்த பிறகு சட்டி பரண்மேல் ஏறிவிட்டது. நாற்றம் ஒழிந்தது என்று அம்மா நிம்மதியானாள். அந்தப் பசையின் பெருமை அது வலுவாக ஒட்டுவதில் மட்டும் இல்லை. சூடும் ஈரமும் பட்டால் விட்டுக்கொடுத்துவிடும், மரத்தைப் பிய்க்காது. அதனால்தான் எழுபத்தைந்து வருடம் கழித்து ஒருவர் வந்து அதைத் திறக்க முடிகிறது. பெரியவர் கழுத்தை மெதுவாக மேலே தள்ள, அது முனகிக்கொண்டு கழன்றது. அடி குறுகி நுனி விரிந்த நாக்கு, அதே வடிவக் குழி. அப்பா தன் இழுப்பறை மூலைகளில் போடுகிற பூட்டுதான். நாக்கின் பக்கவாட்டில் உளி பட்ட தடத்தைப் பெருவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

அப்புறம் பெரியவர் ஒரு காந்தத்தை நூலில் கட்டி விரற்பலகைமேல் மெல்ல இழுத்துக் காட்டினார். காந்தம் எதிலும் ஒட்டவில்லை. 1934 முதல் மார்ட்டின் கழுத்துக்குள் ‘டி’ வடிவ எஃகுச் சட்டம் வைத்துக்கொண்டிருந்தார்கள். உலகப் போர் வந்தது, எஃகு ராணுவத்துக்குப் போனது, கம்பெனி கருங்காலிக் கட்டையை வைக்க ஆரம்பித்தது. காந்தம் ஒட்டாத கழுத்து என்றால் போர்க்காலத்துக் கிதார் என்று கண்டுகொள்கிறார்கள். இரும்பு இல்லாததால் கழுத்தின் எடையும் குறைவு. இப்போது இணையத்தில் கருங்காலி மாலை விற்கிறவர்கள் அதற்குச் சொல்லும் மகிமைகளில் இதைச் சேர்த்துக்கொள்ளலாம். நிரூபிக்கக்கூடியது இது ஒன்றுதான்.

மறுநாள் பல் வைத்தியர் கண்ணாடியும் சிறு விளக்கும் கொடுத்து, கிதாரின் உள்ளே பார்க்கச் சொன்னார். அப்பா நெடுநேரம் பார்த்தார். முன்பலகையின் உட்புறத்தில் ‘எக்ஸ்’ வடிவில் இரண்டு சட்டங்கள் குறுக்கே ஓடும். கம்பெனியைத் தொடங்கிய மார்ட்டின் 1840-களிலேயே இந்த அமைப்பைச் செய்துவிட்டார். அப்போது கிதாருக்கு ஆட்டுக்குடல் தந்தி; இழுப்பு குறைவு. எண்பது வருடம் கழித்து இரும்புத் தந்தி வந்தபோது அந்தப் பாரத்தைத் தாங்குகிற சட்டம் உள்ளே ஏற்கெனவே தயாராக இருந்தது. இந்தக் கிதாரில் சட்டங்களின் முனைப்பகுதிகள் உளியால் குழிக்கப்பட்டிருந்தன. எங்கே எடுக்கலாமோ அங்கெல்லாம் மரத்தை எடுத்திருந்தார்கள்.

“உடையறதுக்கு ஒரு நூலு முன்னாடி நிறுத்தியிருக்கான்” என்றார் அப்பா. “நான் கட்டிலுக்கு இப்படிச் செஞ்சா அடிக்க வருவாங்க.”

அடிக்கத்தான் வந்தார்கள் போலிருக்கிறது. வாடிக்கையாளர்கள் மேலும் மேலும் தடித்த தந்தி போட்டு முறுக்க, முன்பலகைகள் வயிறு தள்ளிக்கொண்டு திரும்பி வந்தன. 1944 கடைசியில் கம்பெனி குழிப்பதை நிறுத்தி, சட்டங்களைத் தடிமனாகவே விட்டது. பழுது குறைந்தது. வியாபாரம் செய்கிறவன் அதைத்தான் செய்வான். குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு முந்திய கிதாரை ஒருமுறை மடியில் வைத்து வாசித்துவிட்டால் அடுத்ததில் மனம் நிற்காது. கீழ்த்தந்தியை மீட்டினால் அதிர்வு விலா எலும்பில் தெரியும். 1976-இல் கம்பெனியே எச்டி-28 என்று ஒரு மாதிரியைக் கொண்டுவந்து பழையபடி சட்டத்தைக் குழிக்க ஆரம்பித்தது. மீன்முள் பட்டையும் திரும்பி வந்தது.

கழுத்து ஒட்டிக் காய்கிற இடைவெளியில் ஒரு சனிக்கிழமை, பெரியவர் எங்களை நாசரேத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே மார்ட்டின் தொழிற்சாலையை ஒட்டி அருங்காட்சியகம். அதில் கண்ணாடிக்குப் பின்னால் கம்பெனியின் முதல் காலத்துக் கிதார்கள் இருக்கின்றன. இடுப்பு ஒடுங்கி, இப்போதைய கிதார் பக்கத்தில் குழந்தை அளவு. ஆறு முறுக்காணிகளும் தலையின் ஒரே பக்கத்தில். அப்பா அவற்றின் முன் நின்றபோதுதான் பெரியவர் கதையைத் தொடங்கினார். நான் நடுவில் நின்று மாற்றி மாற்றிச் சொன்னேன்.

கிறிஸ்டியன் ஃபிரெடரிக் மார்ட்டின் 1796-இல் சாக்சனியில் மார்க்நாய்கிர்ஷன் என்ற ஊரில் பிறந்தவர். இசைக்கருவி செய்வதற்கே பேர்போன ஊர். அவருடைய அப்பா தச்சர், மேசை நாற்காலி செய்கிறவர்களின் சங்கத்தைச் சேர்ந்தவர். மகன் வியன்னாவுக்குப் போய் யோஹான் ஸ்டாஃபர் என்ற பெரிய கிதார்க்காரரிடம் வேலை பார்த்தார், அங்கேயே கல்யாணம் செய்து ஊர் திரும்பினார். ஊரில் சண்டை காத்திருந்தது. வயலின் செய்கிறவர்களுக்கு 1677 முதல் தனிச் சங்கம் உண்டு. கிதாரும் இசைக்கருவிதான், அதைச் செய்யும் உரிமை எங்களுக்கே, தச்சர்கள் கை வைக்கக்கூடாது என்று அவர்கள் வழக்குப் போட்டார்கள். வயலின் செய்கிறவன் கலைஞன், தச்சன் சாமான் செய்கிறவன் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். தச்சர்கள் தரப்பில், கிதார் எங்கள் ஆட்கள் செய்துவருவதுதான், வியன்னாவில் ஸ்டாஃபரிடம் மேலாளாக இருந்த மார்ட்டின் செய்கிற கிதாரைப் பாருங்கள் என்று காட்டினார்கள்.

“யாரு ஜெயிச்சாங்க?” அப்பா கேட்டார்.

“தச்சர்கள்.”

“அப்ப நாமதான்” என்றார் அப்பா. பெரியவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். சாக்சனி ராஜ்யத்தின் 1832-ஆம் ஆண்டு வழக்கு அவருக்கு அப்போதுதான் முடிந்த மாதிரி இருந்தது.

ஜெயித்தும் மார்ட்டின் ஊரில் தங்கவில்லை. சங்கத்துச் சண்டைக்குள் கிடந்து காலம் தள்ள விருப்பமில்லாமல் 1833-இல் குடும்பத்தோடு கப்பல் ஏறி நியூயார்க் வந்தார். ஹட்சன் தெருவில் 196-ஆம் எண் கடை. கிதார் மட்டும் விற்றுப் பிழைக்க முடியாது என்று தந்தி, இசைத்தாள், ஊதுகருவி எல்லாம் விற்றார். 1839-இல் நாசரேத்தை ஒட்டி நிலம் வாங்கினார். ஜெர்மன் பேசும் சபையார் ஊர் என்பதால் அங்கே அவருக்கு மூச்சு வந்திருக்க வேண்டும். ஆனால் விற்பனை நியூயார்க் வழியேதான் நடந்தது. அதனால் நாசரேத்தில் செய்த கிதாரின் மேல் 1898 வரைக்கும் நியூயார்க் என்றே முத்திரை குத்தினார்கள். விற்பனை முகவர்களை உதறிவிட்டு முத்திரையை மாற்றியவர் பேரன் ஃபிராங்க் ஹென்றி. கிதார்களுக்கு வரிசை எண் போட ஆரம்பித்ததும் அந்த ஆண்டுதான். அதுவரை செய்தவற்றை உத்தேசமாக 8,000 என்று வைத்துக்கொண்டு அதிலிருந்து எண்ணினார்கள். உத்தேசக் கணக்கின் மேல் நிற்கிற அந்த வரிசையை வைத்துத்தான் இன்று லட்சக்கணக்கில் பேரம் நடக்கிறது. 1916-இல் டிட்சன் என்ற பாஸ்டன் வியாபாரிக்காகப் பெரிய உடம்புள்ள கிதார் செய்து, அதற்கு ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பெயரான ‘டிரெட்நாட்’ என்பதை வைத்தார்கள். டி-28-இல் உள்ள ‘டி’ அதுதான். 1931-இல் அதைத் தன் சொந்தப் பெயரிலேயே கம்பெனி விற்க ஆரம்பித்தது.

அப்பாவுக்குப் போர்க்கப்பலில் ஆர்வமில்லை. அவர் நின்ற இடம் வேறு. அந்தப் பழைய சின்னக் கிதார்களில் கழுத்தின் அடிப்பகுதியில் ஒரு சாவித் துவாரம் இருந்தது. சுவர்க்கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல ஒரு சாவியைப் போட்டுத் திருகினால் கழுத்தின் கோணம் மாறும். வியன்னாவில் ஸ்டாஃபரிடமிருந்து கற்றுவந்த வேலை. ஆவி வேண்டாம், உளி வேண்டாம், வாசிக்கிறவரே வீட்டில் சரிசெய்துகொள்ளலாம். அமெரிக்காவில் பின்னாளில் மார்ட்டின் அதை விட்டுவிட்டார். கழுத்தைப் பூட்டி ஒட்டிவிட்டார். “இருந்த நல்ல வழியை எதுக்கு விட்டான்?” என்று அப்பா திரும்பத் திரும்பக் கேட்டார். ஒட்டின கழுத்துக்கு வேலையும் குறைவு, உடம்போடு அசையாமல் நிற்கவும் செய்யும் என்று பெரியவர் சொல்லிப் பார்த்தார். அப்பா சமாதானமாகவில்லை. திரும்பி வரும்போது காரிலும் இதே பேச்சு. எனக்கு அப்பா பக்கம்தான் நியாயம் என்று தோன்றுகிறது. எத்தனை கிதார்கள் கழுத்து சாய்ந்து பரணில் கிடக்கின்றன, சரிசெய்யக் காசில்லாமல்.

மரத்தைப் பற்றிய பேச்சு கடைசியில்தான் வந்தது, அப்பா கிளம்புவதற்குச் சற்று முன்பு. பிரேசில் ரோஸ்வுட்டை மார்ட்டின் 1969 வரை பயன்படுத்தியது. பிரேசில் அரசு மரத்தை அறுக்காமல் கட்டையாக ஏற்றுமதி செய்வதைத் தடுத்தது. நல்ல பலகை கிடைப்பது குதிரைக்கொம்பாயிற்று. அந்த ஆண்டு இறுதியில் டி-28-க்கு இந்திய ரோஸ்வுட்டை எடுத்தார்கள். அதாவது ஈட்டி. 1992-இல் பிரேசில் மரம் சர்வதேச வணிகத் தடைப் பட்டியலிலேயே ஏறிவிட்டது. பெரியவரின் 1943 கிதாரை நாடுவிட்டு நாடு விற்க வேண்டுமானால் மனிதருக்கு வேண்டியதைவிட அதிகத் தாள்கள் வேண்டும்.

“எழுவதுலதான்” என்றார் அப்பா. “நாடுகாணி இறக்கத்துல லாரி லாரியாப் போகும். நிலம்பூர் வழியா கல்லாயிக்கு. வெளிநாட்டுக்காரன் பொட்டி செய்யறான், பாட்டுப்பொட்டி செய்யறான்னு சொல்லுவாங்க. ஒரு கட்டையில பாதி நாங்க கேட்டாக்கூடத் தர மாட்டாங்க.”

அப்புறம் கெடுபிடி வந்தது. ஈட்டிக்கென்றே தமிழ்நாட்டில் 1994-இல் தனிச் சட்டம். சொந்தப் பட்டா நிலத்தில் நிற்கிற மரமானாலும் அனுமதியில்லாமல் கோடாலி வைக்க முடியாதபடி ஆயிற்று. அப்பாவின் பட்டறை ஈட்டியிலிருந்து தேக்குக்கும், தேக்கிலிருந்து பிளைவுட்டுக்கும் இறங்கியது. 2017 ஜனவரியில் டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் உலக அளவில் கண்காணிப்புப் பட்டியலுக்குள் வந்தது. கிதார் கம்பெனிகளும் இசைக்குழுக்களும் கூச்சலிட்டார்கள். 2019 ஆகஸ்டில் நாடுகள் ஜெனீவாவில் கூடி, செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கொடுத்தன. பிரேசில் மரத்துக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. காட்டில் மரம் குறைந்ததற்குக் கிதார் பெரிய காரணமில்லை, மேசை கட்டில்தான் என்று கிதார்க்காரர்கள் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. கட்டில் செய்த வீட்டிலிருந்து வந்தவள் என்பதால் இதற்குமேல் நான் பேசுவது முறையில்லை.

அப்பா ஊருக்குப் போன பிறகு, பெரியவர் எனக்கு ஒரு பழைய டி-28 பிடித்துக் கொடுத்தார். 1972-இல் செய்தது. இந்திய ரோஸ்வுட். எழுபதுகளின் மார்ட்டினைச் சேகரிப்பாளர்கள் மதிப்பதில்லை, அதனால் என் சம்பளத்துக்கு எட்டியது. ஜெனீவாவில் விலக்குக் கிடைத்த வருடக் கடைசியில் அதைத் தூக்கிக்கொண்டு கோவையில் இறங்கினேன். கூடலூர் வீட்டில் பெட்டியைத் திறந்ததும் அப்பா தட்டினார், திருப்பினார், முகர்ந்தார். “நம்மூரு மரந்தான்” என்றார், எதிர்பார்த்ததுதான். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு பல் வைத்தியர் கண்ணாடியை எடுத்தார். பெரியவர் கொடுத்து அனுப்பியிருக்கிறார், எனக்குத் தெரியாது. கைபேசி விளக்கைப் போட்டுத் துளைக்குள் விட்டுப் பார்த்தார்.

“சட்டத்தைச் சீவாமத் தடியா விட்டுட்டான். ஒரு நாள் வேலைதான் கண்ணு. தந்தியக் கழட்டிட்டு, போயி அந்த அரையங்குல உளிய எடுத்துட்டு வா. நானு சொல்றேன், நீயே சீவு.”

நான் பெட்டியை மூடி, பூட்டி, சாவியை அம்மாவிடம் கொடுத்தேன். அப்பா இன்றுவரை தொலைபேசியில் கேட்கிறார், எப்போது சீவப்போகிறாய் என்று.